என் மலை சுருங்கிய சனிக்கிழமை

திருப்பூர்ப் பக்கம் ரயிலுக்கு மலை கிடையாது. கோயம்புத்தூரில் ஏறி ஈரோட்டில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், தண்டவாளம் நம் கட்டிங் டேபிள் மாதிரி தட்டையாகப் போகும். குகை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. அந்தக் குறையை நான்தான் தீர்த்து வைத்தேன். காங்கேயத்தைத் தாண்டி இருக்கிற ஊதியூர் மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து ஊத்துக்குளி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குள் ஒரு குகையையும் குடைந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள் செய்த வேலை இது.

எல்லாம் எங்கள் பனியன் கம்பெனியின் மேல் மாடியில், டேபிள் மேல்தான். நான் சொல்வது மாடல் ரயிலை. பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொம்மை என்றால் சாவி கொடுத்து ஓட விடுவது. இது நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இன்ஜினுக்குள் மோட்டார் உண்டு, தண்டவாளத்தில் கரண்ட் உண்டு, பாதை மாற்றுகிற பாயின்ட் உண்டு, சிக்னல் உண்டு. சிக்னல் விழாமல் என் வண்டி நகராது.

இந்தப் பைத்தியம் எனக்கு ஜெர்மனியில் பிடித்தது. ஆர்டர் கொடுக்கிற பையர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். என் இங்கிலீஷ் முழுக்கத் துணி இங்கிலீஷ், ஜி.எஸ்.எம்., ஷ்ரிங்கேஜ், ஷிப்மென்ட், நோ பிராப்ளம், இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே கம்பெனியை இந்த அளவுக்குக் கொண்டு வந்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனார். சாப்பிட்டதும் கீழே நிலவறைக்கு அழைத்துப் போய் ஒரு சுவிட்சைப் போட்டார். அறை முழுக்க மலை, பாலம், ஊர், விளக்கு. நடுவில் விரல் தண்டி ரயில்கள் ஒன்றையொன்று மோதாமல் போய்க்கொண்டிருந்தன. நான் கொண்டு போன சாம்பிள் பை மேலேயே கிடந்தது. விலை பேசப் போன நான் அதை மறந்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்து குகை வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி உள்ளே போகும்; எப்போது வரும், எப்போது வரும் என்று மனசு அடித்துக்கொள்ளும்; வந்ததும் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை ஊருக்குக் கொண்டு வந்தாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். திரும்புகிற விமானத்தில் என் பெட்டியில் துணியைவிடத் தண்டவாளம்தான் அதிகம் இருந்தது.

தண்டவாளமும் இன்ஜினும்தான் வெளிநாடு. மற்றதெல்லாம் திருப்பூர்ச் சரக்கு. ரயில் பெட்டிகளை நூல் கோன் அட்டையில் செய்து நீலம் அடித்தேன். நிட்டிங் மிஷினுக்கு அடியில் சேருகிற பஞ்சை அள்ளிப் பச்சைச் சாயத்தில் முக்கி மரம் ஆக்கினேன். சிக்னலுக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள். நிட்டிங் மிஷின் ஊசியின் தலையில் கொக்கியும், அதன்கீழ் ஒரு குட்டி நாக்கும் இருக்கும். அந்த நாக்கு மேலும் கீழும் ஆடும். தேய்ந்துபோன ஊசியை நட்டு, நாக்குக்குச் சிவப்பு அடித்தால் பழைய கால ரயில்வே கை சிக்னல் அச்சு அசலாக நிற்கிறது. நாக்கில் கண்ணுக்குத் தெரியாத நூலைக் கட்டிக் கீழிருந்து இழுப்பேன். அந்த ஜெர்மன்காரருக்குப் போனில் படம் அனுப்பினேன். கைதட்டுகிற பொம்மையாக ஒரு வரிசை பதில் வந்தது.

எண்பத்தேழால் வகுப்பது எனக்கு வராது. ஆனால் சாம்பிள் பீஸை வைத்து ஆயிரம் பீஸ் வெட்டத் தெரியும். அதே முறைதான். சரியான அளவில் ஒரு குட்டி மனிதனை வாங்கி வைத்துக்கொண்டேன். கதவு அவனுக்குக் குனியாமல் நுழையும் உயரம், கொடிக்கயிறு அவன் கைக்கு எட்டும் உயரம், தென்னை அவன் அண்ணாந்து பார்க்கிற உயரம். இப்படியே திருப்பூர் ஸ்டேஷன், கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற மண்ணரை லைன் வீடுகள், நொய்யல் பாலம் எல்லாம் எழுந்தன. மண்ணரை வீடுகளுக்குப் பின்னால் கொடியில் காய்கிற குட்டிப் பனியன்களை என் மனைவி வெட்டித் தந்தாள். தந்துவிட்டு, "நம்மூட்டுக் கொடியில காயற துணிய எடுத்து வைக்க ஆளில்ல. இங்க பனியனக் காயப் போட ரெண்டு பேரு," என்றும் சொன்னாள்.

இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி ஒரு பாய். கட்டிங் வேஸ்ட் துணி வியாபாரம். நான் பவர் டேபிள் என்கிற தையல் மிஷின் நாலு போட்டுத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து பழக்கம். என்னைப் பாராட்டவே மாட்டார். அதற்காகவே தினமும் மாலை டீக்கு வந்துவிடுவார். நொய்யலுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ஏனுங்ணா, ஆத்துக்கு என்ன கலரு ஊத்தப் போறீங்க?"

"தண்ணிக் கலருதான் பாய்."

"நம்மாத்துத் தண்ணிக்குத்தான் ஒரு காலத்துல கெழமைக்கொரு கலரு இருந்துச்சுங்களே. எந்தக் கெழமைய ஊத்தறீங்கன்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கெழமைய. சாயப்பட்டறைக்கெல்லாம் லீவு."

ஆறு முடிந்ததும் மலை. தண்டவாளம் டேபிளின் ஓரத்தில் வளைந்து திரும்பியாக வேண்டும். அந்த வளைவு வெளியே தெரிந்தால் அசிங்கம். அதனால்தான் ஊதியூர் மலை. அட்டைப் பெட்டியைக் கீற்றுகளாக வெட்டி வளைத்துக் கூடு கட்டினேன். அதன்மேல் பிரிண்டிங்கில் கெட்டுப்போன டீ-சர்ட் துண்டுகளை ஒரு அடுக்கு போர்த்தினேன். அதற்கும் மேலே பாய் கொண்டு வந்து கொடுத்த கிரே துணி. மிஷினில் பின்னி இறங்கியபடியே, தண்ணீரும் சாயமும் காணாமல் இருக்கிற துணியைத்தான் கிரே என்போம். இழுத்து விறைப்பாகக் கட்டி, ஓரத்தில் மட்டும் பசை வைத்து, மேலே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். பாறை மாதிரி இருந்தது. அழகுக்காகக் குகை வாயைச் சிறியதாக வைத்தேன். வண்டி நுழைந்தால் மேலே ஒரு பென்சில் நுழைகிற இடைவெளிதான். அந்த நெருக்கத்தில் நுழைந்து போவதுதான் பார்க்கிறவனை மூச்சு விடாமல் நிற்க வைக்கும்.

இப்படி எல்லாம் முடிந்து, கோயம்புத்தூரிலிருந்து அழைப்பும் வந்துவிட்ட நேரம். அங்கே மாடல் ரயில்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி வைக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கண் டாக்டர். நேரில் வந்து பார்த்துவிட்டு, "நீங்க கண்டிப்பா வரணும் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே என் மருமகள் மாடி ஏறி வந்தாள். கம்பெனியை இப்போது நடத்துவது அவள்தான். மகன் ஆர்டர் பிடிக்கிறேன் என்று பாதி நாள் ஆகாயத்தில் இருக்கிறான். தேடிப் பிடித்த மருமகள், பிடித்தவன் நான்.

"மாமா, இந்த ஹால் வேணுமுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"செக்கிங் பக்கத்து பில்டிங்ல இருக்குது, பேக்கிங் கீழ இருக்குது. பீஸைத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டறாங்க. போன மழைக்கு ஒரு லாட்டே நனைஞ்சுபோச்சுங்க. ரெண்டையும் ஒரே எடத்துல போட்டாத்தான் வர்ற ஆர்டரைச் சமாளிக்க முடியும்."

"இங்க ரயில் இருக்குதே."

"இருக்குதுங்க மாமா. ரயில்ல ஏறத்தான் ஆளில்லீங்க."

பாய் டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கோயம்புத்தூர் டாக்டர் வீடு தேடி வந்து கூப்பிட்ட ரயில் இது, இது ஓடுகிற ஓட்டத்துக்கு ஜெர்மன்காரனே கைதட்டினான் என்றெல்லாம் சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"சரிங்க மாமா. கண்காட்சி நேரத்துல வண்டி எங்கயும் மாட்டி நிக்கப்படாது. கை வச்சுத் தள்ளப்படாது. ரெண்டு நாளும் அப்படி ஓடிருச்சுன்னா நான் ஹால் பேச்சையே எடுக்க மாட்டேன். பேக்கிங்குக்கு வேற வழி பாத்துக்கறேன். நின்னுச்சுன்னா திங்கக்கெழமை ஹாலைக் காலி பண்ணித் தரோணும்."

"நிக்கறதா? என் வண்டியா?"

"ஏனுங்க," என்று டீ கொண்டு வந்திருந்த என் மனைவி குறுக்கே வந்தாள். "ஒத்துக்கறதுன்னா இப்பவே நல்லா யோசனை பண்ணி ஒத்துக்கோங்க. தோத்துப்போட்டு அப்பறம் வந்து கரண்ட்டு சரியில்ல, கோயமுத்தூருக் காத்து சரியில்லைன்னு சொல்லப்படாது. நாந்தேன் தீர்ப்பு சொல்லுவேன்."

ஒத்துக்கொண்டேன். நாற்பது வருடத் தொழிலில் கொடுத்த சொல்லை மாற்றியவன் இல்லை நான். டேபிளைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற மாதிரித்தான் முதலிலேயே செய்திருந்தேன். கிளம்புவதற்கு முன் மாடியில் வண்டியை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை தடம் புரளவில்லை. அந்த ஹாலை இழப்பது என்றால் எனக்கு என்ன என்று வெளியாளுக்குப் புரியாது. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். கம்பெனியில் என் நாற்காலி இன்னும் இருக்கிறது. வேலைதான் அதைத் தேடி வருவதில்லை. மேல் மாடியில்தான் என் சிக்னல் விழுந்தால் வண்டி நகர்ந்தது.

கண்காட்சிச் சனிக்கிழமை காலை மினி டெம்போவில் கிளம்பினோம். பின்னால் மலையைப் பிடித்துக்கொண்டு பாய் உட்கார்ந்தார். அவிநாசி ரோட்டில் ஏதோ ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி எகிறியது. பாயின் முழங்கை மலை உச்சியில் இறங்கிவிட்டது.

இறக்கி வைத்துப் பார்த்தால் ஊதியூர் மலையின் நடுவில் ஒரு பள்ளம். துணி தளர்ந்து தொளதொளவென்று தொங்குகிறது.

"அது ஏரின்னு சொல்லிக்கலாமுங்ணா," என்றார் பாய்.

"மலை உச்சியில ஏரியா?"

"மலையே இல்லாத ஊருல மலை வச்சிருக்கீங்க. ஏரிக்கு என்ன கொறச்சலு?"

ஜனம் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் அசரவில்லை. தண்ணீரில் பசையைக் கரைத்து மலை முழுக்க நனைய நனையத் தெளித்தேன். ஈரத்தோடு பச்சைப் பஞ்சைத் தூவினேன். டேபிளைச் சுற்றிக் கட்டுகிற துணியைத் தேய்க்கக் கம்பெனியிலிருந்து ஸ்டீம் அயர்ன் கொண்டு போயிருந்தோம். அதை வாங்கி மலையெங்கும் ஆவி காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் மேலே எழுந்தது. தொளதொளத்த துணி கிண்ணென்று நிமிர்ந்தது.

"பாருங்க பாய். புது மலை!"

பாய் மலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவரே ஒன்றும் சொல்லவில்லை என்பதால் வேலை நன்றாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஹாலில் எங்களைச் சேர்த்து ஏழெட்டு டேபிள்கள். மற்றவர்கள் எல்லாம் படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள். டாக்டரின் டேபிளில் பனி மலையும் சுவிட்சர்லாந்தும். இன்னொருவர் டேபிளில் இங்கிலாந்துக் கிராமம். நடுவில் என் திருப்பூர். கதவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் என் பக்கம் சாய்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் தெரிந்த முகம் யாருக்கு இருக்கிறது? திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. மண்ணரையில் குடியிருந்து கம்பெனி வேலை பார்ப்பவர்கள். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்களேன். நம்ம லைன் வீடுல்லா இது! கொடியப் பாருங்க, அந்தக் கடைசி வீட்டுக்காரி நம்ம எடத்துலயும் சேத்துக் காயப் போட்டிருக்கா."

பதிலுக்கு நான் சிக்னலை இறக்கி நீல வண்டியை அவர்களுக்காகவே அனுப்பி வைத்தேன். அது வஞ்சிபாளையம் தாண்டி, திருப்பூரில் நின்று, நொய்யல் பாலத்தில் கடகடத்து, ஊதியூர் குகைக்குள் நுழைந்து, மறுபுறம் வந்தது. குழந்தைகள் கத்தினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "திருப்பூர்ல மலை ஏதுங்க?" என்று கேட்டார். "ரயில்வேக்காரங்க மறந்துட்டாங்க. நான் வச்சேன்," என்றேன்.

மலை காய்ந்துகொண்டிருந்தது. காயக் காயப் பாறை முறுக்கேறி இன்னும் அழகாகத் தெரிந்தது. பத்துத் தடவைக்கு ஒரு தடவை குகைக்குள் லேசாக ஒரு சொரசொரப்புச் சத்தம் வந்தது. நிஜ ரயிலும் குகைக்குள் சத்தம் போடத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் மனைவியும் மருமகளும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து சேர்ந்தார்கள். டேபிளைச் சுற்றி நாலு வரிசை ஜனம். மருமகளைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாரு அம்மிணி!" என்று வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே விட்டேன். பாலம் தாண்டியது. குகைக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டியும் உள்ளே போய் மறைந்தது.

வரவில்லை.

"ரயில் எங்க?" என்றது முன்வரிசையில் ஒரு பாப்பா.

"உள்ள ஒரு ஸ்டேஷன் இருக்குது கண்ணு," என்றேன். "நின்னுட்டு வரும்."

"என்ன ஸ்டேஷனுங்க மாமா?" என்றாள் மருமகள்.

"ஊதியூர் ரோடு."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் கரண்ட்டைக் கூட்டினேன். மலைக்குள்ளிருந்து 'கர்ர்ர்' என்று சக்கரம் வழுக்குகிற சத்தம். குறைத்துக் கூட்டினேன். அதே சத்தம். "பெரிய ஸ்டேஷன் போலிருக்கு," என்றார் அந்தப் பெரியவர். "கேண்டீன் இருக்குமாட்ட இருக்குதுங்க," என்றார் இன்னொருவர்.

மோட்டாரா, சக்கரத்தில் பஞ்சு சுற்றிக்கொண்டதா என்று யோசித்தபடியே மலை மேல் கை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மலை தப்பட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. விரலால் தட்டினால் டொம் என்கிறது. உள்ளே அட்டைக் கூடு பசைத் தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆகியிருந்ததால், இறுகிய துணி அதை நடுவில் இடுப்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து நெருக்கியிருந்தது. அந்த நெருக்கலுக்குள் என் எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டிருந்தது.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பின்னல் துணி மிஷினிலிருந்து இழுபட்டபடியே உருளையில் சுற்றி வரும். அதைப் பிரித்து ஒரு ராத்திரி சும்மா படுக்கப் போட வேண்டும். இழுப்பெல்லாம் தளர்ந்து அது தன் அளவுக்கு வந்த பிறகுதான் கத்தி வைக்கலாம். அதைத்தான் ரிலாக்ஸ் என்போம். கிரே துணி என்றால் கேட்கவே வேண்டாம். முதல் தண்ணீரிலும் சூட்டிலும் சுருங்கித்தான் தீரும். இது தெரியாமல் திருப்பூரில் யாரும் கடைகூட வைக்க முடியாது. ஷ்ரிங்கேஜ் என்று சொல்லி என் சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. புதிதாக வருகிற ஒவ்வொரு கட்டிங் மாஸ்டரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு.

மருமகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மலையைத் தொட்டாள். பேக்கிங்குக்கு முன் துணியைத் தடவிப் பார்க்கிற அதே தடவல்.

"மாமா, இது கிரே துணிங்களா?"

தலையை ஆட்டினேன்.

"ரிலாக்ஸ் பண்ணீங்களா?"

அந்தக் கேள்விதான். எத்தனை பேரை நான் கேட்டிருப்பேன்! பாய் இனிமேல் அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் மனைவி கேரியரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு என் தொண்டை வரைக்கும் வந்தது. ஹால் ஞாபகம் வந்து அதைத் திரும்ப உள்ளே தள்ளியது. வண்டி நின்றது நின்றதுதான்.

முன்வரிசைப் பாப்பா விடவில்லை. "ரயில் செத்துப்போச்சா?" என்றது, உதடு பிதுங்க.

அதுதான் என்னைக் கிளப்பியது. ஹால் போனால் போகட்டும். என் குகைக்குள் போன வண்டி வெளியே வராமல் ஒரு குழந்தை வீட்டுக்குப் போகக் கூடாது. "அம்மிணி, டிரிம்மர் வச்சிருக்கியா?" என்றேன். பிசிறு நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி அது. எங்கள் ஊரில் கம்பெனி நடத்துகிற பெண்பிள்ளை கைப்பையில் அது இல்லாமல் இருக்காது. மருமகள் எடுத்து நீட்டினாள். நின்ற வண்டியால் ஹால் அவளுக்கு வந்துவிட்டது. அது வெளியே வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். ஆனாலும் நீட்டினாள். நீட்டியதோடு நிற்காமல், "மேல புடிங்க மாமா, நான் இழுத்துக்கறேன்," என்று துணியின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனங்கள் நிற்கிற பக்கமாகவே அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரே வெட்டு. விறைப்பில் இருந்த துணி டப்பென்று விட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் சுருண்டு ஓடியது. நெருக்கிக்கொண்டிருந்த அட்டை வளையம் இரண்டைப் பிய்த்து எறிந்தேன். மலையின் வயிறு திறந்தது. உள்ளே நீல வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே, குகையின் கூரை முழுக்க, நான் மறந்தே போயிருந்த பிரிண்டிங் ரிஜெக்ட் துண்டுகள். தலைகீழாக ஒரு பெங்குயின். பாதி உடம்போடு ஒரு டைனோசர். ஒரு கண் மட்டும் அச்சாகியிருந்த பூனை.

"அம்மா, மலைக்குள்ள பெங்குயின்!" என்று கத்தியது பாப்பா.

பிறகு நடந்ததை நான் சொன்னால் பெருமை என்பார்கள். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். ஹாலில் இருந்த ஜனமெல்லாம் என் டேபிளுக்கு வந்துவிட்டது. பெட்டியை நேராக்கி வண்டியை விட்டேன். பூனைக்கும் டைனோசருக்கும் கீழே அது போவதை எல்லோரும் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்துக் குகைக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் குகைக்குள் நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டரும் வந்து பார்த்தார். "வெளிநாட்டுல இப்படி வேணும்னே ஒரு பக்கம் திறந்து வச்சுக் கட்டுவாங்க சார். யோசனை எப்படி வந்துச்சு?" என்றார்.

"அது தானா வர்றதுதானுங்க," என்றேன். பாய்க்கு இருமல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கதவு சாத்துகிற வரைக்கும் வண்டி ஒரு இடத்திலும் மாட்டவில்லை. சனிக்கிழமை வந்த பாப்பா தன் தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தது. பெங்குயினைக் காட்டி விளக்கம் சொல்லும் வேலையை அதுவே பார்த்துக்கொண்டது.

சாயங்காலம் டேபிளைக் கழற்றும்போது என் மனைவி எதிரே வந்து நின்றாள். தீர்ப்பு சொல்கிற முகம்.

"வண்டி நின்னுச்சுங்களா, இல்லீங்களா?"

"ஞாயித்துக்கெழமை நிக்கல," என்றேன்.

"சனிக்கெழமையக் கேட்டேன்."

"நின்னுச்சு."

"கையில தொட்டீங்களா?"

"தொட்டேன். தொட்டது மட்டுமா, மலையவே கிழிச்சேன்."

"அப்பறம் என்ன? ஹாலு அம்மிணிக்கு." அவ்வளவுதான். ஒரு நாளை மட்டும் கணக்கில் எடுத்துப் பாதி ஹாலாவது தரக் கூடாதா என்று பாய் எனக்காக வாதாடிப் பார்த்தார். என் மனைவி கேரியர் மூடியை அழுத்தி மூடினாள். வழக்கு முடிந்தது.

திங்கட்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன் போய் நானே மேல் மாடியைக் காலி செய்யத் தொடங்கினேன். சொன்ன சொல்லை மற்றவர்கள் வந்து நினைவுபடுத்துகிற அளவுக்கு நான் வைத்துக்கொள்வதில்லை. ஸ்டேஷனை ஒரு பெட்டியில், மண்ணரை வீடுகளை ஒரு பெட்டியில் வைத்தேன். ஹால் வெறிச்சென்று ஆனது. நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தேன். நாலு சுவர். டியூப் லைட்டுக்குக் கீழே, ஆள் தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாமல் நாலு பக்கமும் சும்மா கிடக்கிற சுவர். இவ்வளவு வருஷமாக டேபிளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

மருமகள் அளவு டேப்போடு மேலே வந்தாள். பெட்டிகளைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "இவ்வளவு அவசரமில்லீங்க மாமா," என்றாள்.

"ஹால் உன்னோடது அம்மிணி. அதுல பேச்சில்ல. இந்தச் சுவத்துல உனக்கு ஏதாச்சும் வேலை இருக்குதா?"

"சுவத்துலீங்களா?"

"ஒரு முழ அகலத்துக்குச் சுத்தியும் பலகை அடிச்சுக்கறேன். வண்டி மேல போகட்டும், பேக்கிங் கீழ நடக்கட்டும்."

அவள் அண்ணாந்து நாலு சுவரையும் பார்த்தாள். பிறகு நிபந்தனை போட்டாள். பையரே தோற்றுவிடுவார், அப்படி.

"பலகையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வெள்ளைப் பீஸ் மேல விழப்படாது. பஞ்சு உதிரப்படாது. ஷிப்மென்ட் அன்னைக்கு வண்டி ஓடப்படாது. எல்லாரும் மேலயே பாத்துட்டு நிப்பாங்க."

"ஒத்துக்கறேன்."

"இன்னொண்ணுங்க. மலை வேணும். பெங்குயின் தெரியற மாதிரி."

இதை எழுதும்போது பலகை மூன்று சுவருக்கு வந்துவிட்டது. அடியில் எண்ணெய் சொட்டாமல் தகரத் தட்டு. செக்கிங் பெண்கள் வண்டிக்கு ஒரு வேலையும் கொடுத்துவிட்டார்கள். சைஸ் லேபிள் கட்டுகளை இந்த மூலையில் ஏற்றினால் அந்த மூலையில் ஸ்டூல் போட்டு இறக்கிக்கொள்கிறார்கள். ரயிலில் ஆள்தான் இல்லை என்று மருமகள் சொன்னாளே, இப்போது சரக்கே போகிறது. கோயம்புத்தூர் டாக்டருக்கு இது உண்டா? அவருடைய வண்டி சும்மா பனியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நாலாவது சுவரில்தான் புது ஊதியூர் மலை வரப் போகிறது. அதற்குத் துணி தேவை என்றதும் பாய் ஒரு உருளையைக் கொண்டு வந்து போட்டார். போட்டுவிட்டுப் போகாமல் நின்று என் முகத்தையே பார்த்தார்.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்லீங்ணா. ஏதோ பண்ணுவாங்களே, கட்டறதுக்கு முன்னாடி... பேருதான் வாயில வர மாட்டேங்குது."

உருளையை வீட்டுக்கே எடுத்து வந்து, பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்து, முழுத் துணியையும் முக்கிப் பிழிந்து, கொல்லையில் இருந்த கொடியை முழுக்க வளைத்து நானே காயப் போட்டேன். காய்ந்ததும் எடுத்து ஒரு ராத்திரி தரையில் விரித்துப் போட வேண்டும். அதன்பிறகுதான் அட்டைக் கூட்டில் ஏறும்.

துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி கொல்லைக்கு வந்தாள். கொடியில் இடமில்லை.

"ஏனுங்க, என்னது இது? நான் எங்க காயப் போடறது?"

"கொஞ்சம் பொறு," என்றேன். "மலை காயுது."